மூவாயிரம் வாட்ஸ் பஞ்சாட்சரம்

எங்கள் அடுக்ககத்தில் யாராவது ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் முதலில் பஞ்சாட்சரத்தைக் கேட்க வேண்டும். இது சட்டமில்லை. சட்டமாக இருந்திருந்தால் என்றைக்கோ மீறியிருப்போம். அடையாறில் ஒருவழிப் பாதை என்று எழுதிய பலகைக்குக் கீழேயே எதிர்த்திசையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் நாங்கள். இது பழக்கம். ஃபேனா, பஞ்சாட்சரம் சாரைக் கேள். அயர்ன் பாக்ஸா, பஞ்சாட்சரம் சாரைக் கேள். மாப்பிள்ளைக்கு ஷேவிங் மெஷினா, அதற்கும் அவரைத்தான் கேள்.

அவரும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். கேள்வி வடிவத்தில் சொல்வார்.

"எத்தனை வாட்ஸ்?"

எதிரே இருப்பவர் ஒரு எண்ணைச் சொல்வார். பஞ்சாட்சரம் உதட்டைப் பிதுக்குவார். "பத்தாது" என்பார். அவ்வளவுதான் அந்த மனிதரின் மொத்த விஞ்ஞானமும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தைந்து வருஷம் மனிதர்களின் உயிருக்கு எண் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு சாமான்களின் உயிரை எண்ணில் பார்த்தார். பெரிய எண் என்றால் நல்ல சாமான். சின்ன எண் என்றால் ஏமாற்று. இதைக் கண்டுபிடிக்க ஒரு மூளை தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். அதனால்தான் அவர் அதைச் செலவு செய்யாமல் வைத்திருந்தார்.

வாலிப வயதில் ரிச்சி தெருவிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தாராம். மேலே தங்க எழுத்தில் ஆறாயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தது. அதற்குப் போட்டது டார்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரி ஆறு பேட்டரி. ஆறு பேட்டரியில் ஆறாயிரம் வாட்ஸ் வருமானால் மேட்டூரில் எதற்கு அணை என்று அவருக்குத் தோன்றவில்லை. கே.கே. நகரில் பெண் பார்க்கப் போனபோது பெண் பாடிக்கொண்டிருக்க, இவர் கூடத்து டியூப் லைட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா ஆசையோடு, "எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். "நாப்பது வாட்ஸ்தான் போல" என்றாராம் இவர். இதை எனக்குச் சொன்னவள் அந்தப் பெண்தான், ஜெயலக்ஷ்மி. அப்போதே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் சமையலறையில் ஒரு மிக்சி இருக்கிறது. வாட்ஸ் மிகுதியால் அதில் அரைத்த தேங்காய்ச் சட்னி ஆவி பறக்க வரும். ஒரு நாள் அதன் மூடி கழன்று ஜன்னல் வழியாகப் பறந்துபோய்க் கொட்டிவாக்கத்தில் ஒரு மீனவர் வலையில் சிக்கியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. எதிர் வீட்டு மொட்டைமாடியோடு நின்றுவிட்டது.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் சங்கம் இலை ஊதும் மெஷின் வாங்கும் பொறுப்பைக் கொடுத்தது.

எங்கள் வாசலில் ஒரு பாதாம் மரம் உண்டு. கொட்டை ஒன்றுக்கும் உதவாது, நிழல் கொஞ்சம் உதவும், இலை மட்டும் முறம் முறமாகக் கொட்டும். பக்கத்து அடுக்ககத்தில் ஒரு ப்ளோயர் வாங்கிவிட்டார்கள். காலையில் அவர்கள் வாசலில் விர்ரென்று ஒரு சத்தம். இலையெல்லாம் ஆட்டு மந்தை மாதிரி ஒரு மூலைக்கு ஓடும். அதை எங்கள் ஆட்கள் பால்கனியில் காபி டம்ளரோடு நின்று பார்ப்பார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்ததைத் தூய்மையில் ஆசை என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டில் இருக்கிறது, நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

சங்கக் கூட்டத்தில், "பஞ்சாட்சரம் சார் பாத்து வாங்கிடட்டும்" என்று எல்லாரும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்கள். முதல் மாடி லூயிசா டீச்சர் மட்டும் தூக்கவில்லை. சாந்தோம் பக்கத்துக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"வாட்ஸைப் பாக்காதீங்க சார். காத்து எவ்வளவு வருதுன்னு பாத்து வாங்குங்க."

கூடத்தில் யாரோ இருமினார்கள். பஞ்சாட்சரத்துக்கு யாரும் யோசனை சொன்னதில்லை. அவர் முகம் வாசல் கேட்டின் பச்சைப் பெயிண்ட் நிறத்துக்குப் போனது.

"டீச்சர், நீங்க புக்ல படிச்சவங்க. நான் கடையில படிச்சவன்."

"பரீட்சை எழுதினீங்களா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பஞ்சாட்சரம் எழுந்து நின்று சபதம் செய்தார். "ஆயுத பூஜை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டறேன். இந்த வாசல்ல ஒரு இலை மிஞ்சினாலும், இனிமே இந்த பில்டிங்ல ஊசி வாங்கறதுக்குக்கூட நான் வாய் திறக்கமாட்டேன். யாரும் என்னைக் கேக்கவும் வேணாம்."

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். அவருக்கு அப்படியில்லை. பிள்ளை வெளிநாட்டில், வாரத்துக்கு ஒரு ஃபோன். பழைய அலுவலகத்தில் அவர் பெயரை மறந்துவிட்டார்கள். மீந்திருப்பது லிஃப்ட் வாசலில் யாராவது நிறுத்தி, "சார், ஒரு நிமிஷம், கீஸர் வாங்கணும்" என்று கேட்பது ஒன்றுதான். அதைத் தூக்கிப் பணயம் வைத்துவிட்டார், ஒரு ஊதுகுழலுக்காக.

தி. நகருக்கு அவரோடு ஜெயலக்ஷ்மி போனாள். ஜாக்கெட் துணி எடுக்க வேண்டும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். கடையில் பாலகணேஷ் என்ற விற்பனைப் பையன் இரண்டு மெஷினை மேஜைமேல் வைத்தான். ஒன்று அகல வாய், பார்க்கச் சாது. இன்னொன்று மூக்கு நீண்டு கூர்மையாக, மேலே நெருப்பு படம் ஒட்டி, முரட்டுத்தனமாக இருந்தது.

"சார், இது எண்ணூறு வாட்ஸ். ஆனா நிமிஷத்துக்குப் பன்னெண்டு கன மீட்டர் காத்து தள்ளும். வாசல் கூட்டறதுக்கு இதான் எடுப்பாங்க" என்று சாதுவைக் காட்டினான்.

"கன மீட்டரா? நான் என்ன தண்ணி டேங்கா கட்டப்போறேன்? இது எத்தனை?"

"இது மூவாயிரம் வாட்ஸ் சார். ஆனா இது கம்ப்யூட்டர் தூசி, ஏசி ஃபில்டர் இதெல்லாம்..."

'மூவாயிரம்' என்ற சொல்லுக்குப் பிறகு பையன் சொன்ன எதுவும் பஞ்சாட்சரத்தின் காதுக்குள் நுழையவில்லை. அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது என்று சொல்வேன். கொஞ்சம் மிகையாக இருந்தாலும் பரவாயில்லை.

"ஏங்க, அந்தப் பையன் என்னமோ சொல்றான், கேளுங்களேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"அவன் விக்காம கிடக்கறதைத் தள்ளிவிடப் பாக்கறான் ஜெயா. உனக்குத் தெரியாது."

பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின இரவு மழை பெய்தது. விடிந்ததும் பார்த்தால் பாதாம் மரம் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் கொட்டியிருந்தது. இலைகள் ஈரத்தோடு ஈரமாகத் தரையில் ஒட்டி, அப்பளம் இட்டுப் பரப்பிய மாதிரி கிடந்தன.

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்தில் பொரி, கடலை, வெல்லம் கலந்து ஒரு சின்ன மலை. பூசணிக்காய் தயார். சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்து, கடைசியில் மூக்குக்கு முன்னால் வைத்தார்கள். பஞ்சாட்சரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இந்த மெஷினின் வயருக்குத் தடித்த பெரிய ப்ளக். காவலாளி அறையின் சின்ன ப்ளக்கில் நுழையாது. ஆகவே பொது மீட்டர் அறையிலிருந்து ஒரு வயரை இழுத்திருந்தார். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் அந்த லைனில்தான். மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். லூயிசா டீச்சரை இரண்டு சுற்று பார்த்தார். பட்டனை அழுத்தினார்.

டப்.

மோட்டார் நின்றது. விளக்கு அணைந்தது. மெஷின் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது. அந்த அமைதியில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க! லிஃப்ட் நின்னுடுச்சு!"

ஜெயலக்ஷ்மி. சுண்டல் பாத்திரத்தோடு இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில்.

"அஞ்சே நிமிஷம் ஜெயா! பயப்படாதே!"

"பயமா? நீங்க வாங்கற ஒவ்வொண்ணும் முதல்ல என்னைத்தான் பிடிக்குது. பழகிடுச்சு."

வாசல் பெருக்கும் வேலம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா சார், இலைய ஊதுன்னா பில்டிங்கையே ஊதி அணைச்சுட்ட?"

"சும்மா இரு வேலம்மா. இது ராட்சச மெஷின். சாதாரண லைன் தாங்காது. அவ்ளோ பவர்!"

பாருங்கள், கூட்டம் தலையாட்டியது. ஆமாம், அவ்வளவு பவர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். லிஃப்ட்டை நிறுத்தி, தண்ணீரை நிறுத்தி, ஒரு பெண்ணை அந்தரத்தில் தொங்கவிட்ட சாமான்மேல் அவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது. ஃபியூஸ் போவதைச் சக்தி என்று நினைக்கிற கூட்டத்துக்குப் பஞ்சாட்சரம்தான் பொருத்தமான ஆலோசகர்.

காவலாளி சுவிட்சைத் தூக்கிவிட்டான். லிஃப்ட் இறங்கியது. ஜெயலக்ஷ்மி வெளியே வந்தபோது சுண்டல் பாதிதான் இருந்தது; கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இனி தனி லைன் வேண்டும். பெரிய ப்ளக் உள்ள கிட்டத்து வீடு முதல் மாடி. அதாவது லூயிசா டீச்சர் வீட்டு ஏசி ப்ளக். பஞ்சாட்சரம் அவளிடம் போய் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் சாம்பார் இன்னும் கொஞ்சம் கேட்கிறவர் மாதிரி நின்றார்.

"டீச்சர், உங்க ஏசி பாயிண்ட்ல..."

"தாராளமா. வயரைக் கொடுங்க. என் ஏசிக்கு இன்னிக்கு லீவு."

பால்கனி வழியாக வயர் ஏறியது. மறுபடி பட்டன்.

இந்த முறை மெஷின் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! மரத்தில் இருந்த காக்கைகள் அன்றைக்குப் பறந்தவை, வடபழனி கோபுரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தன. எலுமிச்சம்பழம் உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. பொரி மலை ஒரே நொடியில் எழுந்தது. பொரி எங்கள் தலையில், பொரி காபி டம்ளரில், பொரி கைக்குழந்தையின் வாயில். மெஷினின் முதுகில் காற்றை உள்ளே இழுக்கிற ஜன்னலுக்கு நேராகச் சாமந்தி மாலையைக் கட்டியிருந்தார்கள். அதை அது மென்று, குங்குமத்தோடு சேர்த்து மூக்கு வழியாகத் துப்பியது. பஞ்சாட்சரத்தின் வெள்ளை வேட்டி ஹோலி கொண்டாடியது.

இலை?

இலை அசையவில்லை. அந்தக் கூர் மூக்கிலிருந்து வந்தது ஊசி மாதிரி ஒரு காற்று. எந்த இலைக்கு நேராகப் பிடித்தாரோ அந்த ஒரு இலை மட்டும் மெல்ல எழுந்து, புரண்டு, பக்கத்து இலைமேல் படுத்துக்கொண்டது. மற்றவை தூங்கின. பஞ்சாட்சரம் அடுத்த இலைக்குப் போனார். அதற்கடுத்த இலைக்குப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் ஒருவேளை அவர் கேட் வரை போயிருக்கலாம்.

"இன்னா சார், ஒவ்வொண்ணா எழுப்பி விட்டுக்கினு கீற? ஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?" என்றாள் வேலம்மா.

மெஷினை அணைத்தார். வயர் தொட முடியாதபடி சுட்டது. லூயிசா டீச்சர் இறங்கி வந்து, சுடுகிற மெஷினைப் புரட்டி, அடியில் இருந்த தகட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் மோசம்.

"சார், மூவாயிரம் வாட்ஸ்ங்கறது இது கரண்ட்டைச் சாப்பிடற கணக்கு. அதுவும் அதிகபட்சமா வாயைத் திறக்கற ஒரு நொடிக்கு. சாப்பிடறது வேற, வேலை செய்யறது வேற. நம்ம வீட்டு ஆம்பளைங்களைப் பாத்தாலே தெரியுமே. இது தள்ளற காத்து இங்க போட்டிருக்கு: நிமிஷத்துக்கு மூணு கன மீட்டர்கூட இல்லை. உங்க வீட்டு டேபிள் ஃபேன் அறுபது தள்ளும்."

"டேபிள் ஃபேனா?"

"ஆமா. ஆனா அது மட்டும் போதாது சார், காத்துக்கு வேகமும்..."

பஞ்சாட்சரம் அங்கே இல்லை. பாதி வாக்கியத்தில் திரும்பி, குங்கும வேட்டியோடு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். லிஃப்ட்டில் போகவில்லை; அதில் ஜெயலக்ஷ்மி மீதிச் சுண்டலோடு ஏறியிருந்தாள். பூசணிக்காயை யார் உடைப்பது என்று கேட்க ஆளில்லாமல் அது கேட்டருகே கிடந்தது.

அன்றிலிருந்து அவரை யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் இரக்கமில்லாதவர்கள் என்பதல்ல காரணம். அவர்களுக்குத் தாங்களாக யோசிக்கத் தெரியாது, ஆகவே யாரையாவது கேட்டாக வேண்டும், கேட்கிற ஆளை மாற்றிக்கொண்டார்கள். லிஃப்ட் வாசலில் இப்போது லூயிசா டீச்சரை நிறுத்தினார்கள். அவள் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பாள்: எதற்கு, எத்தனை பேருக்கு, எந்த ப்ளக், தினமுமா என்று. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சாமான் வாங்க இவ்வளவு சிந்திக்க வேண்டுமா என்று முனகினார்கள்.

பஞ்சாட்சரமோ மாடியிலிருந்து இறங்கவே இல்லை. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள். அவளே ஒரு நாள் கிரைண்டர் வாங்க டீச்சரைக் கேட்கப் போனாள். அதைக் கேள்விப்பட்டபோது அவர் தன் பழைய டேப் ரிக்கார்டரை எடுத்துத் துடைத்தாராம். அந்த ஒரு தகவலைக் கேட்டபோது எனக்குக்கூடக் கொஞ்சம் மனசு என்னவோ செய்தது. பிற்பகலுக்குள் சரியாகிவிட்டது.

ஏனென்றால் அன்று பிற்பகல் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. வடபழனியில் கல்யாண மண்டபங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையின் டெம்போ. அதிலிருந்து இரண்டு ஆட்கள், ஆள் உயரத்துக்குக் கால் வைத்த ஒரு பெரிய ஃபேனை இறக்கினார்கள். பந்திக்கு நடுவில் வைப்பார்களே, வாழை இலையெல்லாம் படபடக்குமே, அது. அடுத்த நிமிஷம் மாடிப்படியில் பஞ்சாட்சரம் இறங்கி வந்தார். சலவை வேட்டி. நிமிர்ந்த கழுத்து.

"இது எதுக்கு சார்?" என்றான் காவலாளி.

"நிமிஷத்துக்கு இருநூறு கன மீட்டர். கடையில அந்தப் பையன் காட்டின மெஷின் வெறும் பன்னெண்டு. கணக்குப் போட்டுக்கோ."

டீச்சரின் பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டுபோய் மாடியில் அடைகாத்திருக்கிறார் மனிதர். வேகம் என்ற மீதிப் பாதியைக் கேட்க நிற்காதவருக்குக் கிடைத்தது இந்தக் குஞ்சு.

சின்ன ப்ளக்கிலேயே ஃபேன் ஓடியது. லிஃப்ட் நிற்கவில்லை, விளக்கு அணையவில்லை. வாசல் முழுக்க அருமையான காற்று. முந்தின இரவு மழையில் மறுபடி கொட்டியிருந்த ஈர இலைகள் ஓரத்தை லேசாகத் தூக்கி, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டன. பஞ்சாட்சரம் ஃபேனை இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். இலைகள் சுகமாக இருந்தன.

தோற்றார் என்றுதான் நான் நினைத்தேன். பால்கனியில் நின்றிருந்த லூயிசா டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் அடுக்ககத்தை மறந்துவிட்டோம்.

மழை விட்ட புழுக்கம். முதலில் ஒருவர் இறங்கி வந்து ஃபேனுக்கு எதிரே நின்றார். இன்னொருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் இலைகளுக்கு மேலேயே பத்து நாற்காலிகள். யாரோ வேர்க்கடலை வரவழைத்தார்கள். "என்ன காத்து சார்! பீச்சுக்குப் போகவே வேணாம்!" என்றார்கள். இலை என்று ஒன்று இருந்ததும், அதற்காக இது வந்ததும் ஒருவருக்கும் நினைவில்லை.

பஞ்சாட்சரம் ஃபேனின் காலைப் பிடித்தபடி, சாமி பல்லக்கின் அருகே நிற்கிறவர் மாதிரி நின்றார். சொன்ன சொல் நினைவிருந்தது போல. வாயை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான், போன வாரம் மேல் மாடிக்குக் குடிவந்த ஸ்ரீனிவாசராகவன், சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"சார், நீங்கதானே இதெல்லாம் பாத்து வாங்கறவர்? எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கணும். என்ன பாக்கணும்?"

பஞ்சாட்சரம் ஃபேனின் காலிலிருந்து கையை எடுத்தார். ஒரு தடவை மேலே பால்கனியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"கன மீட்டர் பாருங்க" என்றார். "நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தள்ளுதுன்னு கேளுங்க. கடைக்காரன் வாட்ஸ் அது இதும்பான், ஏமாந்துடாதீங்க."

"ஃப்ரிட்ஜ் காத்து தள்ளுமா சார்?"

"தள்ளலேன்னா வாங்காதீங்க."

ஸ்ரீனிவாசராகவன் கைபேசியை எடுத்து அதை அப்படியே குறித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரரும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், ஒரு நிமிஷம், குக்கர் வாங்கணும்" என்றது. பஞ்சாட்சரம் கையை உயர்த்தி, வரிசையாக வரச் சொன்னார்.